மிதந்துபோன போனக்காடு

மாலை நான்கு மணிக்கு விளக்கு தானாக எரியும். அப்போது போனக்காட்டில் விடியும்.

பொன்செல்வி பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கி வைப்பாள். சீருடையைக்கூட மாற்றாமல், அந்த விடியலுக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அது மலைமேல் இருக்கும் உண்மையான போனக்காடு இல்லை. நகரத்தின் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு மாடி வீடு. வீட்டின் முன்னறையில், இரும்பு ஸ்டாண்டின்மேல், இரண்டடி நீளமுள்ள ஒரு மீன்தொட்டி. அதற்குள் மூன்று கருங்கற்கள். அவைதான் மலைகள். மலையடியிலிருந்து முன்பக்கக் கண்ணாடி வரைக்கும் ஒரே பச்சைப் புல்வெளி.

சரியாகச் சொன்னால் அது புல்லும் இல்லை. மான்டி கார்லோ என்ற நீர்ச்செடி. துவரம்பருப்பைவிடச் சின்ன வட்ட இலைகள். தரையோடு தரையாகப் படர்ந்து, கம்பளம் விரித்ததுபோல மண்ணை மூடிக்கொள்ளும்.

அம்மா அஜிதா மட்டும் அதைக் கீரை என்றுதான் சொல்வாள்.

விளக்கு எரிந்து சற்று நேரத்தில் இலைகளின் நுனியில் குமிழிகள் முளைக்கும். ஒவ்வொன்றும் கடுகு அளவு. வெள்ளி நிறம். ஒரு குமிழி கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நிற்கும். பிறகு இலையை விட்டுவிட்டு மெல்ல மேலே ஏறும்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் செல்வி சிறியவளாகிக்கொண்டே போவாள். முதலில் பென்சில் அளவு. பிறகு தீக்குச்சி அளவு. அப்புறம் அரிசி அளவு. அரிசி அளவுக்கு வந்ததும் கண்ணாடிக்குள் போய்விடலாம். புல்வெளியில் வெறுங்காலோடு நடக்கலாம். மல்லாந்து படுத்தால், நியான் மீன்கள் நீலக் கோடுகளாகத் தலைக்கு மேலே பறந்துபோகும். சிவப்பு இறால் ஒன்று பக்கத்தில் வந்து, மேய்வதை நிறுத்தாமலே, "எப்போ வந்தே?" என்று கேட்கும்.

"ஏட்டி செல்வி! எங்க போயிட்டே?"

"போனக்காட்டுல நிக்கேன்மா."

"அங்க தேயிலைதான் இருக்கும். சாயா இங்க ஆறிட்டு இருக்கு. வா!"

அம்மா அழைத்தால் மறுபடி பெரியவளாகிவிட வேண்டியதுதான். வேறு வழியில்லை.

அந்தத் தொட்டி செல்வியுடையது இல்லை. அவளுடைய அண்ணன் பிரஜினுடையது. போனக்காடு என்று பெயர் வைத்ததும் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டோடு எல்லோரும் பஸ் ஏறி அந்த மலைக்குப் போய்வந்தார்கள். திரும்பி வந்த வாரமே அவன் கல் பொறுக்கினான், மண் போட்டான், செடி நட்டான். நட்டு முடித்து, "இது நம்ம போனக்காடு" என்றான்.

ஜூன் மாதம் முப்பதாம் தேதி அண்ணன் கோழிக்கோட்டுக்குப் போய்விட்டான். அங்கே கல்லூரி. தங்குவதும் அங்கேயே ஹாஸ்டலில்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, வளைந்த கத்தரிக்கோலால் கம்பளத்தை ஒரே மட்டமாக வெட்டினான். வெட்டிய துணுக்குகள் தலைகீழ் மழைபோல மேலே மேலே ஏறிவந்தன. செல்வி சின்ன வலையால் அள்ளி வாளியில் போட்டாள். முடிந்ததும் அம்மாவின் போனில் அண்ணன் ஒரு படம் எடுத்தான். பிறகு ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினான்.

'தினமும் தீனி. ஒரு சிட்டிகைதான். ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீர் மாத்தணும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பளத்தை வெட்டணும். பயப்படாதே.'

தீனியும் தண்ணீரும் ஒருநாள்கூடத் தவறவில்லை. வெட்டுவதை மட்டும் செல்வி செய்யவில்லை.

அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுப்பாள். தண்ணீருக்குள் விடுவாள். அப்போது நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். அந்தச் செடியைக் கடைசியாகத் தொட்டது அண்ணனின் கை. அவன் வெட்டிய மட்டத்தில்தான் அது நிற்கிறது. இப்போது வெட்டினால் அவன் தொட்டதெல்லாம் வாளிக்குப் போய்விடும். வாளியிலிருந்து சாக்கடைக்கு.

அண்ணனின் கட்டிலில் இப்போது துவைத்த துணிகளைக் குவிக்கிறார்கள். அவன் செருப்பு இருந்த இடத்தில் அம்மா குடைகளை வைத்துவிட்டாள். அவன் விட்டுப்போனது விட்டுப்போனபடியே இருப்பது அந்தப் புல்வெளி மட்டும்தான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து மறுபடி டப்பாவில் வைத்துவிடுவாள்.

ஜூலை மாதம் போயிற்று. கம்பளம் மெத்தை ஆயிற்று. இறால்கள் அதன்மேல் நடந்தபோது அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தன.

"கீரை நல்லாத் தழைச்சிட்டு. பறிச்சுத் தோரன் வைப்பமா?" என்றாள் அம்மா.

"அம்மா!"

"சும்மா கேட்டேன்டி. நீ முறைக்கிற முறைப்பைப் பாரு."

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. நான்கு மணிக்கு விளக்கு எரிந்தது. அன்று போனக்காட்டில் விடியவில்லை.

செல்வி முதலில் மேகம் என்று நினைத்தாள். தொட்டியின் மேல்பாதியில் பெரிய பச்சை மேகம் ஒன்று நின்றது. அதன் அடியிலிருந்து பழுப்பு நூல்கள் மழைக்கால்கள்போலத் தொங்கின. கீழே, மலைகளைச் சுற்றி, வெறும் கருப்பு மண். அதன்மேல் இருட்டு. நியான் மீன்கள் ஒரு மூலையில் ஒன்றாய் ஒதுங்கி நின்றன.

ஒரு நிமிடம் அது அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு முழு மலைச்சரிவு தன் தாவரங்களோடு எழுந்து வானத்துக்குப் போவதுபோல.

அடுத்த நிமிடம்தான் புரிந்தது. கம்பளம் மண்ணை விட்டுப் பெயர்ந்து மிதந்துவிட்டது.

"அம்மா!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "அய்யோ, என்ன நாத்தம்! கீரை அழுகிட்டா?"

செல்வி கையை விட்டு அந்த மேகத்தை மெல்லக் கீழே அழுத்தினாள். அது போனது. கையை எடுத்தாள். நிதானமாக மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"அண்ணன் ஓணத்துக்கு எப்போம்மா வருவான்?"

"இருபத்திரண்டாம் தேதி காலையில."

பத்து நாள். செல்வியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். மெஸ்ஸில் மீன்கறி நன்றாக இல்லை என்றான். ரூமில் நான்கு பேர் என்றான். அதில் ஒருவன் குறட்டை விட்டால் ஜன்னல் அதிரும் என்றான். பிறகு கேட்டான்.

"செல்வி, போனக்காடு எப்படி இருக்கு? வீடியோ போடு, பாப்போம்."

"அது... இங்க ரேஞ்ச் இல்ல அண்ணே."

"பேசிட்டுத்தானே இருக்கே?"

"பேசறதுக்கு மட்டும் இருக்கு."

"அப்ப ஒரு படமாவது எடுத்து அனுப்பு."

செல்வி தொட்டியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். போனுக்குள் ஜூன் மாதத்துப் படம் இருந்தது. அதில் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது. அவள் விரல் அதை அனுப்பிவிட்டது.

சற்று நேரத்தில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. 'அடிபொளி.'

எப்போதும் அந்தப் பாராட்டைக் கேட்டால் அவள் குதிப்பாள். இன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா விஜய்குமார் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். சாலைக் கடைத்தெருவில் அவருக்குக் கயிறு, வாளி, வலை எல்லாம் விற்கும் கடை. கக்கத்தில் ஒரு சுருள் இருந்தது. முகத்தில் பெரிய கெட்டிக்காரச் சிரிப்பு.

"மக்களே, இனி நீ கவலையே படாதே. பாரு!"

சுருளை விரித்தார். பச்சைப் பிளாஸ்டிக் புல்தரை. ஹோட்டல் வாசலில் போடுவார்களே, அது.

"அளந்து வெட்டிக் கொண்டுவந்திருக்கேன். ரெண்டடிக்கு ஒண்ணேகால். அடியில விரிச்சு, மேல கல்லை வச்சா முடிஞ்சுது. மிதக்காது, அழுகாது, வெட்டவும் வேண்டாம். பிரஜினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"மீனுக்குத் தெரியுமே?" என்றாள் அம்மா.

"மீன் போய் அவன்கிட்ட சொல்லுமா?"

செல்வி அந்தப் புல்லைக் கையில் வாங்கினாள். தொட்டியின் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே தெரியாது. ஒரு நொடி மனம் ஆசைப்பட்டது. கண்ணை மூடி அரிசி அளவு ஆகிப் பார்த்தாள். உள்ளே போய் அந்தப் புல்லில் காலை வைத்தாள். உள்ளங்காலில் குத்தியது. குமிழி ஒன்றுகூட இல்லை. சிவப்பு இறால் வந்து ஒரு பிளாஸ்டிக் இதழைக் கடித்துப் பார்த்தது. "இது என்ன, உங்க அப்பா கடையா?" என்று கேட்டது.

செல்வி கண்ணைத் திறந்தாள். "வேண்டாம்ப்பா."

"ஏன் மக்களே?"

"போன்ல ஏற்கெனவே ஒண்ணு அனுப்பிட்டேன். இதையும் போட்டா ரெண்டாயிரும்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். புல்லைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

செல்வி குனிந்து, மிதக்கும் மேகத்தைக் கீழிருந்து பார்த்தாள். மேலே தளதளவென்று பச்சை. அடியில் ஓர் இலைகூட இல்லை. பழுப்பு நிறக் காம்புகள் மட்டும், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இருட்டில்.

'இதை எங்கேயோ பார்த்திருக்கேனே' என்று தோன்றியது.

எங்கே? மெல்ல மெல்ல நினைவு வந்தது. போனக்காட்டில். நிஜப் போனக்காட்டில்.

அங்கே ஓரிடத்தில் தேயிலைச் செடிகள் இடுப்பளவுக்கு, மேலே தட்டிவிட்டதுபோல ஒரே மட்டமாக, நெருக்கி நின்றன. வழியின் மறுபக்கம் உயரமான மரங்கள். அப்பா எல்லோருக்கும் விளக்கினார். "இது தேயிலை. அது ஏதோ காட்டு மரம்." கூடையோடு போன ஓர் அக்கா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அதுவும் தேயிலைதான் அண்ணாச்சி. கிள்ள ஆளில்லன்னா இப்படித்தான் ஓங்கிரும்." அதற்குப் பிறகு அப்பா அன்று முழுக்க எந்த மரத்தைப் பற்றியும் பேசவில்லை.

அண்ணனும் செல்வியும் அந்த மரங்களுக்கு அடியில் நுழைந்து பார்த்தார்கள். மேலே இலைகள் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தன. கீழே குச்சிகள். இருட்டு. காலடியில் பச்சை என்று ஒன்றுமே இல்லை.

செல்வி நிமிர்ந்தாள். 'நான் வெட்டல்ல. அதான் அடியில வெளிச்சமே போகல்ல. பிடிச்சுக்க வேர் இல்லாம எழும்பி வந்துட்டு.'

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வரவில்லை. அதற்குப் பதிலாக, நாளைக்கு விடுமுறை என்பது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் பதினைந்து. பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, கொடுத்த மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டே செல்வி வீட்டுக்கு ஓடிவந்தாள். தொட்டியின் மோட்டாரை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, மேகத்தைத் தூக்கினாள். நனைந்த துண்டுபோலக் கனத்தது. தொட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பேசினில் அதை இறக்கினாள்.

"ஏட்டி! அது தோசைமாவு கரைக்கிற பேசின்!"

"கழுவித் தாரேன்மா."

"கழுவி நீயே வச்சுக்கோ. நான் வேற வாங்கிக்கறேன். அந்தக் கீரையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டு."

செல்வி கொட்டப் போகவில்லை. பேசினுக்குள் என்னவோ அசைந்ததுபோல இருந்தது. குனிந்தாள். தூசியா? தூசி நீந்துமா?

"அம்மா, டார்ச் எடுத்துட்டு வாயேன். சீக்கிரம்!"

வெளிச்சம் பட்டதும் தெரிந்தது. இறால் குஞ்சுகள். எள்ளை நான்காகக் கீறியதுபோல அவ்வளவு சின்னவை. கண்ணாடிபோல உடல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். மேகத்துக்குள் குடியிருந்திருக்கின்றன.

அம்மா டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சாயா வடிகட்டியையும் ஒரு கரண்டியையும் கொண்டுவந்தாள்.

"நீ செடியை அலசு. நான் பிள்ளைகளைப் பிடிக்கேன்."

செல்வி ஒவ்வொரு கொத்தாகப் பிரித்து மெல்ல அலசினாள். அம்மா கரண்டியால் அள்ளித் தொட்டிக்குள் விட்டாள். "இந்தா ஒண்ணு... இந்தா இன்னொண்ணு... அட, இது அண்ணன்காரன், கொஞ்சம் பெருசு." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா கவனிக்கவே இல்லை.

பிறகு செல்வி கத்தரிக்கோலை எடுத்தாள்.

கொத்தைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தாள். அடியில் பழுப்புக் காம்பு. அண்ணன் அன்று வெட்டிய மட்டம் அங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். அந்த இடத்தில் இலை என்று எதுவும் மிஞ்சவில்லை. அவன் தொட்டதெல்லாம் எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. இப்போது கையில் பச்சையாக இருப்பதெல்லாம் அவன் போனபிறகு வந்தவை. அவள் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, நான்கு மணிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் முளைத்தவை.

'இதுங்களுக்கு என்னைத்தான் தெரியும்' என்று நினைத்தாள். என்னவோ, கை லேசாகிவிட்டது.

சர்க். பழுப்புக் காம்பு ஒருபக்கம், பச்சை நுனி ஒருபக்கம். சர்க். சர்க்.

நடுவதுதான் பாடாகிவிட்டது. நீண்ட இடுக்கியால் ஒரு கொத்தைப் பிடித்து மண்ணில் குத்தினாள். இடுக்கியை எடுத்தாள். கொத்தும் கூடவே வந்து மிதந்தது. மறுபடி குத்தினாள். மறுபடி மிதந்தது. ஐந்தாவது தடவை அது மிதந்தபோது, நியான் மீன் ஒன்று வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது.

"சிரிக்காதே," என்றாள் செல்வி.

அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். வாயில் கடித்திருந்த கொண்டை ஊசியை எடுத்து, சாய்த்து உள்ளே செலுத்தி, லேசாக ஓர் அசைப்பு அசைத்து விட்டாள். கொண்டை அசையாமல் நின்றது.

செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஊசியை ஏன் நேராக் குத்தமாட்டே?"

"நேராக் குத்தினா பொத்துன்னு விழுந்திரும். சாய்ச்சாத்தானே பிடிக்கும்?"

செல்வி அடுத்த கொத்தை எடுத்தாள். இன்னும் சின்னதாக்கினாள். நான்கைந்து இலைகள் மட்டும். அடியில் பிடித்து, மண்ணில் சாய்வாகச் செலுத்தினாள். இடுக்கியை மெல்லத் திறந்து, லேசாக ஓர் அசைப்பு. வெளியே எடுத்தாள்.

கொத்து நின்றது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது நின்றுகொண்டே இருந்தது.

விரல்நுனிகள் ஊறிச் சுருங்கும்வரை நட்டாள். மொத்தம் அறுபத்திரண்டு. மலைகளைச் சுற்றி அறுபத்திரண்டு பச்சைப் புள்ளிகள். நடுவே நிறையக் கருப்பு மண். மொட்டை அடித்த தலையில் முடி முளைப்பதுபோல இருந்தது.

கொஞ்சம் நுனிகள் மீந்தன. அவற்றை வாளியில் போட மனம் வரவில்லை. காலி ஜாம் பாட்டில் ஒன்றில் தொட்டி மண்ணைக் கொஞ்சம் போட்டு, அதிலும் நட்டு, ஜன்னலில் வைத்தாள்.

அம்மா அந்த பேசினை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். மறுநாள் அதிலேயே தோசைமாவைக் கரைத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி காலை. அண்ணன் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டது. செல்வி தொட்டிக்கு முன்னால் போய் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

அண்ணன் வாசலில் காலைத் துடைத்தான். "இது என்ன, வாசல்ல புல் முளைச்சிருக்கு?"

"உங்க அப்பாகிட்ட கேளு," என்றாள் அம்மா.

"நல்ல சரக்கு. மிதக்காது," என்றார் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அண்ணன் உள்ளே வந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். "செல்வி, என்ன காவலா? தள்ளு, போனக்காட்டைப் பாப்போம்."

செல்வி தள்ளவில்லை. ஒரே மூச்சில் சொன்னாள். "அண்ணே, நான் வெட்டவே இல்ல, ரெண்டு மாசமா வெட்டல்ல, எல்லாம் பெயர்ந்து மிதந்துட்டு, நான் அனுப்பினது பழைய படம், இப்ப நானே வெட்டி நட்டிருக்கேன், ஆனா மொட்டையாத்தான் இருக்கு."

சொல்லி முடித்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, நகர்ந்து நின்றாள்.

அண்ணன் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். அவன் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் படர்ந்து படர்ந்து மறைந்தது.

"எத்தனை நட்டே?"

"அறுபத்திரண்டு. மூணு மிதந்துட்டு. திரும்ப நட்டேன்."

"சாய்ச்சா நட்டே? யாரு சொல்லித் தந்தா?"

"அம்மாவோட கொண்டை ஊசி."

அண்ணன் சிரித்தான். "முதல் தடவை நான் நட்டப்போ பாதி மிதந்துபோச்சு, தெரியுமா? நீங்கல்லாம் உறங்கினப்புறம் திரும்பத் திரும்ப நட்டேன். மானக்கேடா இருந்துச்சு."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான். திறந்ததும் முதலில் தெரியும் படம், செல்வி அனுப்பிய அதே படம். "அந்த மலைக்கல்லுக்குப் பக்கத்துல பாரு. கண்ணாடியில என்ன தெரியுது?"

செல்வி பெரிதாக்கிப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் தொங்கும் தினக் காலண்டர் கண்ணாடியில் பிரதிபலித்திருந்தது. தலைமாறி, ஆனால் தெளிவாக. 28.

"ஆகஸ்ட் பதிமூணாம் தேதி ஊருக்கெல்லாம் பதிமூணு. நம்ம வீட்டுக்கு மட்டும் இருபத்தெட்டா?"

செல்வியின் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்பவே தெரியுமா? பின்னே ஏன் கேக்கல்ல?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "கேட்டா நீ உண்மையான படத்தை அனுப்பிருவே. எனக்கு... எனக்கு இதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. வீட்டுல எதுவும் மாறல்லங்கிற மாதிரி."

செல்வி அண்ணனையே பார்த்தாள். தன் நெஞ்சுக்குள் பெயரில்லாமல் கிடந்தது எப்படிக் கோழிக்கோடு வரைக்கும் போயிற்று என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணே, அந்தக் கல்லோரத்துல ஒண்ணு பாரு. நேத்துதான் வந்தது."

அண்ணன் குனிந்தான். இருவரின் தலையும் முட்டிக்கொண்டன. பதினேழாவது கொத்தில், பழைய இலைகளுக்கு நடுவே, ஊசிமுனை அளவில் ஒரு புதிய இலை. அதன் நுனியில் ஒரு குமிழி யோசித்துக்கொண்டு நின்றது.

ஓணம் முடிந்து அண்ணன் கிளம்பினான். ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. செல்வி ஜன்னலிலிருந்த ஜாம் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"அதே செடிதான். நான் வெட்டினதுல மீதி. ஹாஸ்டல் ஜன்னல்ல வச்சுக்கோ."

கோழிக்கோடு வரைக்கும் அண்ணன் அதைக் கீழே வைக்கவே இல்லையாம். பக்கத்து சீட்டில் இருந்தவர், "மோனே, இது எந்தா, மருந்தா?" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அக்டோபரில் ஒருநாள், மாலை நான்கு மணிக்கு, போனக்காட்டில் விடிந்தது. கருப்பு மண் இப்போது எங்குமே தெரியவில்லை. வளர்ந்த இறால் குஞ்சுகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேய்ந்தன. செல்வி அப்போதுதான் வெட்டி முடித்து, மிதந்த துணுக்குகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தாள். போன் ஒலித்தது.

அண்ணனின் முகம் திரையில் வந்தது. பிறகு முகம் விலகி ஜாம் பாட்டில் வந்தது. அடியிலிருந்து பாதி வரைக்கும் தளதளவென்று பச்சை.

"பாத்தியா செல்வி? எப்படித் தழைச்சிருக்கு!"

"அண்ணே, வெட்டினியா?"

பாட்டில் விலகி, அண்ணனின் முகம் திரும்பத் திரையில் வந்தது.

"இல்ல. நீ தந்ததாச்சே. வெட்ட மனசே வரல்ல."

செல்வி வலையைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கத்தரிக்கோல் இருக்கா?"

"இருக்கு."

"வெட்டு அண்ணே," என்றாள். "பயப்படாதே."